ஏணியில் ஏறிவரும் அந்நியர்கள்

கப்பல் வேலை என்றதும் ஊரில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அந்தத் தனிமையை எப்படியம்மா தாங்குகிறாய்?" தனிமை ஒரு பக்கம் இருக்கட்டும். முன்பின் பார்த்திராத ஒருவரோடு, விளக்கணைத்த அறையில், மணிக்கணக்காக நின்றுகொண்டு பேச வேண்டியிருக்கிறதே, அதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. நான் சரக்குக் கப்பலில் செகண்ட் ஆபீசர். பயண வழியைத் திட்டமிடுவதும் கடல் வரைபடங்களைத் திருத்தி வைப்பதும் என் பொறுப்பு. ஆனால் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது, துறைமுகங்களில் ஏறும் பைலட்டுகளோடு நடக்கும் வெட்டிப் பேச்சுதான்.

ஆறு, கால்வாய், குறுகிய நீரிணை, துறைமுக வாயில் என்று எங்கே போனாலும், அந்த நீரின் ஆழமும் ஓட்டமும் அறிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் சின்னப் படகில் வந்து, கப்பலின் விலாவில் தொங்கும் கயிற்றேணியைப் பிடித்து ஏறுவார். அவர்தான் பைலட். அவர் ஏறியதும் பாதி வெள்ளை, பாதி சிவப்பான கொடி ஒன்றை ஏற்றுவோம். எப்படித் திருப்புவது, எவ்வளவு வேகம் என்று அவர் சொல்வார். சுக்கான் பிடித்திருக்கும் மாலுமி அதை உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்வார். சொன்னது சொன்னபடி நடக்கிறதா என்று பார்ப்பதும், கப்பல் எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொண்டே வருவதும் என் வேலை. கப்பலுக்குக் கடைசிப் பொறுப்பு எப்போதும் கேப்டனுடையது. பனாமா கால்வாய் மட்டும் விதிவிலக்கு. அங்கே பைலட்டின் கைக்கே கப்பல் போய்விடும், கேப்டன்கள் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார்கள்.

பைலட்டின் பெயரைப் பதிவேட்டில் எழுதுவது நான்தான். ஆனால் ஒருவரும் அவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அவர் 'மிஸ்டர் பைலட்', கேப்டன் 'கேப்டன்', நான் 'செகண்ட்'. தூத்துக்குடியில் பெயர், ஊர், தெரு, இன்னார் வீட்டுப் பிள்ளை என்ற நான்கும் தெரியாமல் பேச்சு ஓர் அடி நகராது. அங்கே வளர்ந்த எனக்கு, பெயரே இல்லாமல் ஒருவரோடு இவ்வளவு நெருக்கமாகப் பேச முடியும் என்பது முதலில் விசித்திரமாக இருந்தது. இப்போது பெயர் தேவையில்லாத சுமையாகப் படுகிறது. மறுபடி சந்திக்கப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். அதனாலேயே சிலர் தங்கள் வீட்டில்கூடச் சொல்லாததைச் சொல்லிவிடுகிறார்கள்.

தொடக்கம் உலகம் முழுக்க ஒன்றுதான்: டீயா, காபியா? அடுத்தது, படகு ரொம்ப ஆடியதா? அதற்குப் பிறகு ஒவ்வொரு நீருக்கும் ஒவ்வொரு முறை.

மிசிசிப்பிக்காரர்கள் ஏணியை விட்டுக் கால் எடுத்து வைக்கும்போதே பேசிக்கொண்டு வருவார்கள். ஆற்று வாயிலிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் ஏறக்குறைய 100 மைல். சோயாவோ மக்காச்சோளமோ ஏற்றுவதற்கு அதற்கும் மேலே போக வேண்டும். வழியில் பைலட்டுகள் மாறுவார்கள். ஒவ்வொருவரும் பேச்சை முதலிலிருந்து தொடங்குவார். சாப்பாடு, கால்பந்து, வேட்டை, மறுபடி சாப்பாடு. ஒருவர் தன் அம்மா செய்யும் கம்போ என்ற குழம்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். அதில் வெண்டைக்காய் போடுவார்களாம். எங்கள் வீட்டிலும் வெண்டைக்காய்க் குழம்பு உண்டு என்றேன். உடனே திரும்பி, அந்த வழவழப்பை நீங்கள் எப்படிப் போக்குகிறீர்கள் என்று கேட்டார். அப்படியொரு அக்கறையான கேள்வியை அந்தப் பயணம் முழுக்க வேறு எவரும் என்னிடம் கேட்கவில்லை.

"முதலில் எண்ணெயில் நன்றாக வதக்க வேண்டும். பிறகு..."

"ஸ்டார்போர்ட் டென்."

"ஸ்டார்போர்ட் டென், சார்" என்றார் சுக்கானில் இருந்த பிலிப்பினோ மாலுமி. வலப்பக்கம் பத்து டிகிரி என்று பொருள். முள் நகர்வதைப் பார்த்தேன். எதிரே தள்ளுபடகு ஒன்று, பெரிய தட்டையான பார்ஜுகளைக் கட்டித் தள்ளிக்கொண்டு வளைவில் வந்தது. அது கடந்து, சுக்கான் நடுவுக்கு வந்து, நேரானது.

"பிறகு?" என்றார் பைலட்.

"பிறகு புளி விட வேண்டும்."

இந்தப் பேச்சில் எனக்குப் பிடித்ததே இதுதான். எந்த வாக்கியத்தின் நடுவிலும் அதை அறுக்கலாம். யாரும் கோபித்துக்கொள்வதில்லை, 'நான் பேசிக்கொண்டிருக்கும்போதே' என்று முறைப்பதில்லை. வேலை முடிந்ததும் விட்ட இடத்தில் தொடரலாம். தொடராமல் விட்டாலும் பாதகமில்லை. கல்யாண வீட்டுப் பேச்சில் இந்த வசதி கிடையாது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை ஒட்டி அல்ஜியர்ஸ் பாயிண்ட் என்ற கடுமையான திருப்பம் வருகிறது. அதற்குக் கொஞ்சம் முன்பே எவ்வளவு பேசுகிற பைலட்டும் மௌனமாகிவிடுவார். அங்கேயும் கதை சொல்லிக்கொண்டே வந்தால் எனக்கு அவர்மேல் நம்பிக்கை போய்விடும்.

கம்போவைப் பற்றிப் பேசிய அதே மனிதர்தான் கத்ரீனா புயலைப் பற்றியும் சொன்னார். 2005 ஆகஸ்ட் 29 அன்று அது கரையேறியது நாங்கள் கடந்துவந்த அதே கீழாற்றுப் பகுதியில், பியூராஸ் என்ற ஊருக்கு அருகில். தண்ணீர் எந்த அளவுக்கு வந்தது என்று காட்டக் கையைத் தலைக்கு மேல் உயர்த்தினார். பதிலுக்கு நான் 2023 டிசம்பரைச் சொன்னேன். எங்கள் ஊரை அடுத்த காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அவர் மனத்துக்குள் கணக்குப் போட்டார். "முப்பத்தேழு அங்குலமா? ஒரு நாளிலா?" விசிலடிக்க உதட்டைக் குவித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார். கப்பலில் விசிலடித்தால் காற்றை அழைப்பதாகும் என்ற பழைய நம்பிக்கை பல நாட்டு மாலுமிகளிடம் உண்டு. இருவரும் சிரித்தோம். வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது அவர் லூசியானாக்காரராகவும் இல்லை, நான் தமிழ்ப் பெண்ணாகவும் இல்லை. தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் முதலில் எதை மேலே தூக்கி வைப்பது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. அவர் துப்பாக்கிகளை. நாங்கள் அரிசி மூட்டையை.

புதியவரிடம் பேச்சைத் தொடங்க 'எந்த ஊர்' என்று கேட்பதுதான் பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைப்பதில்லை. ஊரைக் கேட்பதை என்னால் முடிந்தவரை கடைசிக்குத் தள்ளுவேன். 2022க்குப் பிறகு நான் வேலை பார்த்த ஒரு கப்பலில் கேப்டன் உக்ரைன்காரர், கெர்சோன் அவருடைய ஊர். தலைமை எஞ்சினியர் ரஷ்யர். இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். உப்பு ஜாடியை ஒருவருக்கொருவர் நகர்த்துவார்கள், செய்தியைப் பற்றி ஒரு சொல் பேசமாட்டார்கள். ஒரு துறைமுகத்தில் ஏறிய பைலட் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார்: "எந்த ஊர், கேப்டன்?" பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில், இருந்த எங்கள் எல்லோருக்கும் காது விறைத்தது. கேப்டன் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு, மூச்சு விடாமல் தர்ப்பூசணிக்குப் போய்விட்டார். கெர்சோன் தர்ப்பூசணிக்குப் பேர்போன வட்டாரம். எப்படித் தட்டிப் பார்த்து வாங்குவது, எந்த மாதத்தில் இனிப்பு கூடும், காம்பு எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு பாடமே நடத்தினார். பைலட்டும் புரிந்துகொண்டார். "குடும்பம்?" என்று கேட்க வாயெடுத்தவர், "அப்படியானால் கடைகளில் அறுத்துப் பாதியாக வைத்திருப்பதை வாங்கவே கூடாதா?" என்று மாற்றிக் கேட்டார். இறங்கும் வரை தர்ப்பூசணிதான். இவ்வளவு பண்பான உரையாடலை நான் அதிகம் கேட்டதில்லை.

ஆகவே என் கட்சி இதுதான்: இரண்டு பேர் கண்ணுக்கும் தெரிகிற ஒன்றில் தொடங்க வேண்டும். மிதவை மேல் உட்கார்ந்திருக்கும் கடல் சிங்கம், கரையில் புதிதாக எழும்பும் பாலம், கையில் இருக்கும் காபி. ஊரும் குடும்பமும் வர வேண்டுமானால் தாமாக வரும்.

ஜெர்மன் பைலட்டுகளிடம் இந்த முறை மிக நன்றாகச் செல்லுபடியாகும். கடலிலிருந்து ஹாம்பர்க் நகரத்துக்கு எல்பே ஆற்றில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். அவர் வருவார், கைகுலுக்குவார், தன் கையடக்கக் கணினியை ஜன்னலோரம் பொருத்துவார், கப்பல் எப்படித் திரும்புகிறது, நிறுத்த எவ்வளவு தூரம் ஆகிறது என்று கேட்பார். அவ்வளவுதான். முகத்தில் சிரிப்பு இல்லை என்பதால் புதிதாக வந்த பயிற்சி மாணவர்கள் பயந்துபோவார்கள். அவருக்கு நம்மேல் வெறுப்பு ஒன்றுமில்லை. பேச விஷயம் வரும்வரை காத்திருக்கிறார். விஷயம் வேடல் என்ற ஊரில் வரும். ஆற்றங்கரையில் 1952 முதல் கப்பல்களை வரவேற்கும் ஓர் இடம் இருக்கிறது. கடந்துபோகும் கப்பல் எந்த நாட்டுக் கொடி பறக்கவிட்டிருக்கிறதோ, அந்த நாட்டின் தேசிய கீதத்தை ஒலிபெருக்கியில் போடுவார்கள். கரையோர உணவகத்தில் காபி குடிப்பவர்கள் கையசைப்பார்கள்.

எங்கள் கப்பலின் கொடி லைபீரியா. கீதம் கம்பீரமாக ஒலித்தது. கேப்டன் போலந்துக்காரர், நான் இந்தியர், சுக்கானில் பிலிப்பினோ. கப்பலில் ஒரு லைபீரியர்கூட இல்லை. எங்களில் எவரும் அந்த நாட்டை மிதித்ததும் இல்லை. லைபீரியாவின் கப்பல் பதிவேட்டை நடத்தும் அலுவலகமே அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கிறது. "எழுந்து நிற்க வேண்டுமா?" என்றேன். அதுவரை மூன்று வாக்கியத்துக்கு மேல் பேசாத பைலட், "நாம் எல்லோரும் ஏற்கெனவே நின்றுகொண்டுதானே இருக்கிறோம்" என்றார், சிரிக்காமல். பிறகு தானாகவே தொடர்ந்தார்: எந்தக் கீதம் மிக நீளம், எது கேட்க நன்றாக இருக்கும், மழைநாளில் யார் கையசைப்பார்கள். ஹாம்பர்க் வந்து துறைமுக பைலட் ஏறும்வரை அந்தப் பேச்சு ஓடியது.

ஜப்பானியர்களிடம் மௌனம் வேறு வகை. ஜப்பானின் பெரிய தீவுகளுக்கு இடையே இருக்கும் உள்நாட்டுக் கடலில் ஏறுபவர்கள் பெரும்பாலும் கேப்டனாக இருந்து அனுபவப்பட்ட முதியவர்கள். வெள்ளைக் கையுறை, தேய்த்த சட்டை. மாலுமி உத்தரவைத் திருப்பிச் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவருக்கு நன்றி சொல்வார்கள். அங்குள்ள குருஷிமா நீரிணையில் நீரோட்டத்தைப் பார்த்துத்தான் வழியே தீர்மானமாகும்: ஓட்டம் கூடவே வந்தால் நடு வாய்க்கால், எதிர்த்து வந்தால் மேற்கு வாய்க்கால். உலகில் மற்ற இடங்களில் பழகிய 'வலப்பக்கம் ஒதுங்கு' என்ற விதி அங்கே தலைகீழாகலாம். அந்த நேரத்தில் பிரிட்ஜில் தும்மக்கூடத் தயக்கமாக இருக்கும்.

அதைத் தாண்டி நீர் அகன்றதும், அந்தப் பெரியவர் என் பக்கம் திரும்பி, இன்று என்ன கிழமை என்று கேட்டார். யோசித்துத்தான் சொன்னேன். கடலில் கிழமை குழம்பிவிடும் என்பது அவருக்குத் தெரிந்ததுதான். ஜப்பானின் கடல்சார் தற்காப்புப் படையில் வெள்ளிக்கிழமைதோறும் 'கறி' என்ற மசாலாக் குழம்பும் சோறும் போடுவார்கள், கடலில் இருப்பவர்களுக்குக் கிழமை மறக்காமல் இருக்கத்தான் என்று சொல்வதுண்டு என்றார். ஒவ்வொரு போர்க்கப்பலுக்கும் தனிச் செய்முறை உண்டாம்; எங்கள் கப்பலில்தான் ருசி அதிகம் என்று சண்டையும் உண்டாம். இந்தியர்கள் சமைக்கும் கப்பல்களில் ஞாயிற்றுக்கிழமை என்றால் பிரியாணி என்றேன். "அப்படியா!" என்று அவர் இரண்டு கைகளையும் தட்டிவிட்டார், கையுறையோடு. பிரியாணி தவறினால் வாரமே முடியாதது போல இருக்கும் என்றேன். அந்தக் கறி எங்கள் நாட்டிலிருந்து நேரே போனதல்ல, ஆங்கிலேயர் வழியாகச் சுற்றிப்போனது. அதைச் சொல்லலாமா என்று பார்த்தேன், விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை அவருடையதாகவே இருக்கட்டும்.

பெண் என்பதால் எனக்கு மட்டும் வரும் கேள்விகள் தனி. 2021இல் வெளிவந்த, பிம்கோ என்ற கப்பல் துறை அமைப்பின் கணக்குப்படி உலகக் கடலோடிகளில் பெண்கள் நூற்றுக்கு ஒன்றரைப் பேருக்கும் குறைவு. எனவே பைலட் ஏறியதும் என்னைப் பார்த்து ஒரு கணம் நிற்பது புரிகிறது. கேப்டனின் மகளா என்று கேட்டவர் உண்டு. "இல்லை, இதில் கையெழுத்துப் போடுங்கள்" என்று கப்பல் விவர அட்டையை நீட்டினால் அந்தப் பேச்சு அதோடு முடியும். அதில் கோபித்துக்கொள்ள எனக்கு நேரம் இருந்ததில்லை. 'உங்களைப் போன்ற பெண்கள் இன்னும் வர வேண்டும்' என்று தொடங்கி அரை மணி நேரம் பாராட்டுரை நிகழ்த்துபவர்கள்தான் உண்மையான சோதனை.

துருக்கிக்காரர்கள் இந்தச் சுற்றிவளைப்பெல்லாம் செய்வதில்லை. பாஸ்பரஸ் நீரிணை ஏறக்குறைய 31 கிலோமீட்டர், மிகக் குறுகிய இடத்தில் 700 மீட்டர்தான் அகலம். இரு கரையிலும் இஸ்தான்புல். இவ்வளவு நெருக்கடியிலும் ஒரு பைலட், இரண்டு திருப்பங்களுக்கு இடையே, எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, ஏன் ஆகவில்லை, அப்பா என்ன செய்கிறார், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், சம்பளம் எவ்வளவு என்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டார். எங்களோடு இருந்த டேனிஷ் கேப்டனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்காக அவர் கூச்சப்பட்டு, ரேடாரில் இல்லாத கப்பல்களைத் தேடத் தொடங்கினார். எனக்கோ வீட்டுக்கு வந்தது போல இருந்தது. திருச்செந்தூர் பஸ்ஸில் பக்கத்து இருக்கை அக்கா ஆறுமுகநேரி வருவதற்குள் இதே கேள்விகளை இதே வரிசையில் கேட்டிருப்பார். அப்பா உப்பளத்தில் மேஸ்திரி என்றேன். அவர் அப்பா பள்ளி ஆசிரியராம். சம்பளத்தைச் சொல்லாமல், "முதலில் உங்களுடையதைச் சொல்லுங்கள்" என்றேன். சிரித்தார்; சொல்லவில்லை; நானும் சொல்லவில்லை. இப்படிக் கேட்பவர்களைத் துருவுகிறவர்கள் என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. தன் கதையையும் சேர்த்து வைப்பவர் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். வாங்க மட்டும் வந்தவரிடம் வானிலையோடு நிறுத்திக்கொள்வேன்.

ஊரிலிருந்து திரும்பும்போதெல்லாம் மக்ரூன் டப்பா ஒன்று என் பெட்டியில் இருக்கும். தூத்துக்குடி மக்ரூன் முந்திரியும் சர்க்கரையும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் சுடுவது; கடற்காற்று பட்டால் நமத்துவிடும், இறுக்கமாக மூடி வைக்க வேண்டும். அந்தத் துருக்கி பைலட்டுக்குத் தேநீரோடு அதை வைத்தேன். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டே கரையில் ஒரு பழைய மர மாளிகையைக் காட்டினார். 2018 ஏப்ரலில் இயந்திரம் கோளாறான ஒரு சரக்குக் கப்பல் நேராகப் போய் இடித்தது அதைத்தான் என்றார். அதன்பின் நானும் டேனிஷ் கேப்டனும் எங்கள் இயந்திர அளவுமானிகளை அடிக்கடி பார்த்துக்கொண்டோம். அவர் மட்டும் நிதானமாக இரண்டாவது மக்ரூனை எடுத்தார்.

வங்காளத்தின் ஹூக்ளி ஆற்றைச் சொல்லாமல் முடியாது. கடல் முகத்திலிருந்து கொல்கத்தா துறைமுகம் ஏறக்குறைய 230 கிலோமீட்டர். நகர்ந்துகொண்டே இருக்கும் மணல்திட்டுகள். 1694இல் மூழ்கிய ஆங்கிலக் கப்பலின் பெயரை இன்றும் சுமந்திருக்கும் 'ஜேம்ஸ் அண்ட் மேரி' திட்டும் அவற்றில் ஒன்று. ஓதம் ஏறக் காத்து நடுவில் நங்கூரமிட நேர்ந்தால் பைலட்டும் கப்பலிலேயே தங்குவார். பேச்சுக்கு நேரமோ நேரம். என் சொந்த நாட்டுக்காரர், ஆனால் இருவருக்கும் பொதுவான மொழி ஆங்கிலம்தான். வங்காளப் பெரியவர் ஒருவர் காபியைத் தொடும் முன்பே கேட்டார்: "உங்கள் ஊரில் என்ன மீன் சாப்பிடுவீர்கள்?"

சாளை, பாறை, ஊளி, விளமீன் என்று அடுக்கினேன். ஆங்கிலப் பெயர் தெரிந்தவற்றுக்கு அதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, மரண வீட்டில் துக்கம் விசாரிக்கும் குரலில், "எல்லாம் கடல் மீன்" என்றார். ஆற்று மீன் சேறு வாடை அடிக்குமே என்றேன். பிரிட்ஜில் வெப்பநிலை கூடியது. ஹில்சா கடலிலிருந்து ஆற்றுக்கு முட்டையிட ஏறி வரும் மீன், ஆற்றுக்குள் வந்த பிறகுதான் அதற்கு ருசியே வருகிறது, ஆக கடல் என்பது மீன் தயாராகும் இடம் மட்டுமே என்று அவர் நிறுவினார். கருவாடு பற்றிச் சொல்லி நான் எதிர்த்தேன். டயமண்ட் ஹார்பர் அருகே நங்கூரமிட்டோம். வாதம் நங்கூரத்தில் நிற்கவில்லை. என் பணிநேரம் முடிந்தும் நான் கீழே போகவில்லை.

இறங்குவதற்கு முன், கப்பல் விவர அட்டையின் பின்புறத்தில், ஹில்சாவைக் கடுகு அரைத்துச் செய்யும் முறையை எழுதிக் கொடுத்தார். அளவுகள் கிடையாது, எச்சரிக்கைகள் மட்டும்: கடுகைப் பச்சை மிளகாயோடு அரைக்காவிட்டால் கசக்கும், மீனை அதிகம் கழுவாதீர்கள், நல்லெண்ணெயை நினைத்தும் பார்க்காதீர்கள். கோவாக்காரரான எங்கள் சமையல்காரர் அதைப் படித்துவிட்டு, உறைபெட்டியில் கிடந்த நார்வே அயிலையில் செய்து பார்த்தார். கேப்டன் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். நான் எலுமிச்சை ஊறுகாயும் தயிர்ச்சோறும் போதும் என்று சொல்லிவிட்டேன்.